விசா நேர்காணல்: பிணையின்றிக் கேட்கும் கடன்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் ஒரு குறிப்பிட்ட கோரிக்கை பெருகத் தொடங்கும். ஆறு மாதக் கணக்கு விவரம் வேண்டும். இருப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டிலும் கிளையின் முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் இருக்க வேண்டும். கேட்பவர் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் பெற்ற மாணவரின் தந்தையாக இருப்பார். அல்லது அங்கே வாழும் மகளின் பிரசவத்துக்குத் துணையாகச் செல்லவிருக்கும் தாயாராக இருப்பார். அல்சூர் ஏரிக்கு அருகே, தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில், வெளிநாட்டில் ஓர் உறவினரேனும் உள்ள வீடுகள் இன்று அரியவை அல்ல.

அவர்கள் கேட்கும் சான்றிதழை வழங்குவது எங்களுக்கு எளிய பணி. அதனுடன் சேர்த்து அவர்கள் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம்: "எவ்வளவு பணம் காட்டினால் விசா கிடைக்கும்?" இக்கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பும் ஓர் இளைஞரின் எதிர்காலமும் நிற்கின்றன. ஆயினும் கேள்வியே சற்றுத் திசை மாறியது. விசா நேர்காணலில் உண்மையில் எது எடைபோடப்படுகிறது, அதில் வங்கிச் சான்றின் இடம் யாது, வாடிக்கையாளர் எவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் எதிர்கொள்ளும் அமெரிக்க விசா நேர்காணலே இங்கு முதன்மையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

உரிமையும் அனுமதியும்

நாட்டை விட்டுப் பயணம் செய்வது இந்தியக் குடிமகனின் உரிமை. சத்வந்த் சிங் சாவ்னி என்ற வணிகர், தம் கடவுச்சீட்டை ஒப்படைக்குமாறு அரசு ஆணையிட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1967 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் வெளிநாட்டுப் பயணமும் அடங்கும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதன் விளைவாகவே அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று கடவுச்சீட்டு மறுக்கப்பட்டால் அதற்குச் சட்டத்தில் காரணம் இருக்க வேண்டும்; மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

ஆனால் இவ்வுரிமை நம் வாயிற்படியோடு நின்றுவிடுகிறது. அயல்நாட்டின் வாயிலில் நமக்கு உரிமை ஏதும் இல்லை. அங்கே நாம் கேட்பது அனுமதி. கடவுச்சீட்டு நம் அரசு நமக்கு அளிப்பது. விசா பிற அரசு தன் விருப்பத்தின்படி அளிப்பது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், "எல்லா ஆவணங்களும் இருந்தும் ஏன் மறுத்தார்கள்?" என்ற மனக்குமுறலில் பாதி தணிந்துவிடும்.

பிணை இல்லாத கடன்

வங்கியில் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் நான்கு செய்திகளை அறிய முயல்கிறோம். பணம் எதற்கு? அத்தேவை உண்மையானதா? திருப்பிச் செலுத்தும் ஆற்றல் உண்டா? திருப்பிச் செலுத்தும் எண்ணம் உண்டா? இந்நான்கிலும் ஐயம் எஞ்சினால், வீட்டுப் பத்திரமோ வைப்புத்தொகையோ பிணையாக நின்று அந்த ஐயத்தை ஈடுசெய்யும்.

விசா அதிகாரியும் ஏறத்தாழ இதே கேள்விகளையே கேட்கிறார். ஏன் போகிறீர்? அக்காரணம் உண்மையா? செலவுக்கு வழி உண்டா? திரும்பி வருவீரா? வேறுபாடு ஒன்றுதான்: அவரிடம் பிணை இல்லை. சென்றவர் திரும்பவில்லையெனில் அவர் ஏலத்துக்குக் கொண்டுவரக்கூடிய சொத்து எதுவும் இல்லை. ஆகவே சில நிமிட உரையாடலையும் நிரப்பிய படிவத்தையும் கொண்டே அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சட்டம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. 1952ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, சுற்றுலா, மாணவர் முதலிய தற்காலிக விசாக்களைக் கேட்பவர், அதிகாரி நிறைவடையும் வகையில் தம் தகுதியை நிலைநாட்டும்வரை, நிரந்தரமாகக் குடியேற வருபவராகவே கருதப்படுவார். எச்.1பி போன்ற ஒருசில வகைகளுக்கு மட்டும் இக்கருதுகோள் பொருந்தாது. குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி. விசாச் சாளரத்தின் முன்போ மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நேர்காணலின் கேள்விகள் அனைத்தும் இந்த ஒரு பிரிவிலிருந்தே பிறக்கின்றன.

பெங்களூருவிலிருந்து சென்னைக்கு

அமெரிக்கத் துணைத் தூதரகம் ஒன்று 2025 ஜனவரி 17 அன்று பெங்களூருவில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் விசாச் சேவைகள் அங்கு உடனே கிடைக்கமாட்டா என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. இதனால் நம் நகரத்தவர் பெரும்பாலும் சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ சென்று வருகின்றனர். தமிழ்க் குடும்பங்கள் இயல்பாகவே சென்னையைத் தேர்கின்றன.

முதற்படி, டி.எஸ்.160 என்னும் இணையவழிப் படிவம். அடுத்து கட்டணம். சுற்றுலா விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் 2023 ஜூன் 17 முதல் இது 185 டாலர். நம் பணத்தில் 15,000 ரூபாய்க்கு மேல். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இத்தொகை திரும்பி வராது. மாணவர்கள் இதனுடன் செவிஸ் எனப்படும் மாணவர் பதிவு முறைக்கு 350 டாலர் தனியே செலுத்த வேண்டும். நால்வர் அடங்கிய குடும்பம் ஒன்று சுற்றுலா விசா கேட்டால், பயணச்சீட்டு வாங்கும் முன்னரே 60,000 ரூபாயைக் கடந்த செலவு ஆகிவிடுகிறது. மறுக்கப்பட்டு மீண்டும் விண்ணப்பித்தால் அதே செலவு மீண்டும் வரும்.

கட்டணம் செலுத்தியபின் இரண்டு சந்திப்புகளுக்கு நாள் குறிக்க வேண்டும். ஒன்று விசா விண்ணப்ப மையத்தில் விரல்ரேகையும் புகைப்படமும் பதிவு செய்வதற்கு. மற்றொன்று துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு. 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்குகள் குறைக்கப்பட்டு, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் 79 வயதைக் கடந்த முதியோரும்கூடப் பொதுவாக நேரில் வர வேண்டியதாயிற்று. மூத்த குடிமக்களை அழைத்துச் செல்பவர்கள் பயணத்தையும் தங்குமிடத்தையும் இதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

நாள் கிடைப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின், 2022ஆம் ஆண்டின் இறுதியில், முதன்முறை சுற்றுலா விசா கேட்பவருக்கான காத்திருப்பு இந்தியாவின் சில மையங்களில் 900 நாட்களைக் கடந்தது. பின்னர் பணியாளர்கள் பெருக்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டில் இந்தியர்களின் 14 இலட்சம் விசாக்களைக் கையாண்டதாக அமெரிக்கத் தூதரகம் அறிவித்தது. மாணவர் விசாக்களைக் கையாள்வதில் உலகின் முதல் நான்கு இடங்களும் மும்பை, புதுதில்லி, ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களுக்கே உரியவையாயின.

நெருக்கடி உள்ள இடத்தில் இடைத்தரகர் தோன்றுவது இயல்பு. "முன்னதாக நாள் வாங்கித் தருகிறேன்" என்று தொகை கேட்பவர்கள் பலர். கணினி நிரல்களைக் கொண்டு முறைகேடாகப் பதிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 2,000 சந்திப்புகளை அமெரிக்கத் தூதரகம் 2025 மார்ச் மாதத்தில் இரத்து செய்தது. தரகரிடம் கொடுத்த பணமும் போயிற்று, நாளும் போயிற்று என்ற நிலையை விண்ணப்பதாரர் தாமே வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. படிவத்தைப் பிறர் நிரப்பித் தந்தாலும், அதிலுள்ள ஒவ்வொரு விடைக்கும் சட்டப்படி பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழர்கள் பலர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலை இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முருகன்' என்றிருப்பவர், கடவுச்சீட்டில் 'முருகன் சுப்பிரமணியம்' ஆகிறார். வங்கிக் கணக்கில் 'முருகன் எஸ்' என்று நிற்கிறார். கர்நாடகத்தில் வழங்கப்பட்ட ஆவணங்களில் 'சண்முகம்' என்பவர் 'ஷண்முகம்' ஆவதும் உண்டு. நமக்கு இவை யாவும் ஒரே மனிதர். அயல்நாட்டு அதிகாரிக்கோ கணினிக்கோ அப்படித் தோன்ற வேண்டும் என்பதில்லை.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பின், அமெரிக்கப் படிவத்தில் இயற்பெயரைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதி, இயற்பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று குறிக்க வேண்டும். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது இதன் பொருள். அங்குச் சென்றபின் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகப் பதிவு என எங்கும் இந்த மூன்றெழுத்தே முதற்பெயராக ஒட்டிக்கொண்டு வருவதைப் பல மாணவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கின்றனர். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கியது.

எனவே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலத்திலேயே கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்து இரு பெயர்களாகப் பதிவு செய்துகொள்வது நலம். அதன்பின் வங்கிக் கணக்கு, பான் அட்டை, ஆதார் மூன்றையும் அதே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கில் பெயரைத் திருத்துவதற்கு உரிய அடையாள ஆவணமும் ஒரு விண்ணப்பமும் போதும். நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் வந்து கேட்டால் அதனுடன் தொடர்புடைய பிற ஆவணங்களையும் சரிசெய்யக் கால அவகாசம் இராது.

நேர்காணல் நாள்

சென்னையில் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமைந்துள்ள துணைத் தூதரகத்தினுள் கைப்பேசி, மின்னணுக் கருவிகள், பெரிய பைகள் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. கடவுச்சீட்டு, படிவத்தின் உறுதிப் பக்கம், சந்திப்புக் கடிதம், துணை ஆவணங்கள் ஆகியவற்றை ஒரு தெளிவான கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். மாணவர்கள் பல்கலைக்கழகம் அளித்த ஐ.20 படிவத்தையும் செவிஸ் கட்டணச் சீட்டையும் மறத்தலாகாது. புகைப்படத்தில் கண்ணாடி அணிந்திருக்கலாகாது என்ற விதி 2016 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

நேர்காணல் என்றவுடன் மூடிய அறையும் எதிரே மூவர் குழுவும் நம் கற்பனையில் தோன்றும். உண்மையில் அது இரயில் நிலைய முன்பதிவுச் சாளரத்தையே ஒத்திருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதிகாரி இருப்பார். இப்பால் விண்ணப்பதாரர் நின்றபடி பேசுவார். முன்னால் நிற்பவருக்கு என்ன நேர்ந்தது என்பது பின்னால் நிற்பவர் காதில் விழக்கூடும். அதைக் கேட்டு மனம் தளர்வதும் உண்டு. உரையாடல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவு பெரும்பாலும் அங்கேயே தெரிவிக்கப்படும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. சென்னையில் தமிழிலேயே விடை சொல்லலாம். தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறி அரைகுறையாகச் சொல்வதினும், தெரிந்த தமிழில் தெளிவாகச் சொல்வதே பயன் தரும்.

என்ன கேட்பார்கள்?

சுற்றுலா விசா கேட்கும் பெற்றோரிடம் பொதுவாக எழுப்பப்படும் வினாக்கள் இவை: எதற்காகச் செல்கிறீர்கள்? யாரைக் காண? அவர் அங்கே என்ன பணி செய்கிறார்? எத்தனை நாள் தங்குவீர்கள்? செலவு யாருடையது? இங்கே உங்கள் தொழில் என்ன? வேறு பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

இவற்றுள் பலர் தடுமாறுவது மகன் அல்லது மகளின் பணியைப் பற்றிய வினாவில்தான். "கம்ப்யூட்டர் வேலை" என்பதற்கு மேல் சொல்ல இயலாத பெற்றோர் பலர். நிறுவனத்தின் பெயர், வசிக்கும் நகரம், எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், எவ்வகை விசாவில் இருக்கிறார் என்ற நான்கையும் பிள்ளைகளிடம் கேட்டு அறிந்துகொள்வது நன்று.

மாணவரிடம் கேட்கப்படுபவை வேறு: ஏன் இந்தப் பல்கலைக்கழகம்? வேறு எவற்றுக்கு விண்ணப்பித்தீர்? இந்தப் பாடம் முன்பு படித்ததோடு எவ்வாறு தொடர்புடையது? கட்டணம் யார் செலுத்துகிறார்? படிப்புக்குப் பின் என்ன திட்டம்? முதலாண்டுக் கட்டணம் எவ்வளவு, கல்விக்கடன் எவ்வளவு, தந்தையின் சேமிப்பு எவ்வளவு என்ற எண்கள் மாணவரின் நாவிலேயே இருக்க வேண்டும். பல வீடுகளில் பணச் செய்திகளைப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. நேர்காணலில் அப்பிள்ளை தனியாகவே நிற்பார். தந்தை அருகில் இருக்கமாட்டார். ஆகவே குடும்பத்தின் கணக்கைப் பிள்ளையுடன் அமர்ந்து ஒருமுறை முழுமையாகப் பேசிவிடுவது, எந்தப் பயிற்சி மையம் அளிக்கும் பயிற்சியையும்விடப் பயனுள்ளது. மாணவர் விசா கேட்போர் தம் சமூக ஊடகப் பக்கங்களை அனைவரும் காணும்படி வைக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஜூன் முதல் வந்துள்ளது.

மனப்பாடம் செய்த விடை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வாடிக்கையாளரான ஓர் அம்மையார், மகளின் பிரசவத்துக்காக விண்ணப்பித்திருந்தார். "பிரசவம் என்று சொல்லாதீர்கள், நயாகரா பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள்" என்று உறவினர் ஒருவர் அறிவுறுத்தியிருந்தார். சான்றிதழ் பெற வந்த இடத்தில் அவர் என் கருத்தைக் கேட்டார். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மகளைக் காண என்று எழுதியிருந்தது. படிவத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருக்கலாகாது என்பது கடன் விண்ணப்பத்துக்கும் பொருந்தும் விதிதானே என்றேன். சென்னையில் அவர் தமிழில் உள்ளதைச் சொன்னார்: மகளுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது; மூன்று மாதம் உடனிருந்துவிட்டு வருவேன். எதற்காகத் திரும்புவீர்கள் என்ற வினாவுக்கு அவர் அளித்த விடை இது: "வீட்டில் என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. மூன்று மாதத்துக்கு மேல் நாத்தனார் பார்த்துக்கொள்ள மாட்டார்." விசா கிடைத்தது. உண்மையைச் சொன்னதால்தான் கிடைத்தது என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால், நாங்கள் அளித்த சான்றிதழை அதிகாரி பார்க்கவே இல்லை என்று அவர் பின்னர் சொன்னது என் நினைவில் நிற்கிறது. வயது முதிர்ந்த மாமியாரைவிட வலுவான சான்றை எந்த வங்கியும் அச்சிட்டுத் தர முடியாது.

வங்கிச் சான்று எதைக் காட்டும்?

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். எவ்வளவு பணம் வேண்டும்?

சுற்றுலா விசாவுக்கு அமெரிக்கச் சட்டத்தில் குறிப்பிட்ட தொகை எதுவும் இல்லை. பயணச் செலவுக்குப் போதுமானது என்பதே அளவு. மாணவருக்கு ஐ.20 படிவத்திலேயே ஓராண்டுக்கான கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு ஈடான வழி காட்டப்பட வேண்டும்: சேமிப்பு, வைப்புத்தொகை, கல்விக்கடன், உதவித்தொகை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ.

கணக்கு விவரத்தைப் படிக்கத் தெரிந்தவர் இறுதி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. அது எப்படி வந்தது என்பதைப் பார்ப்பார். மாதம் 40,000 ரூபாய் ஊதியம் வரவாகும் கணக்கில், சான்றிதழ் கேட்பதற்குப் பத்து நாள் முன்பு 30 இலட்சம் ரூபாய் ஒரே தவணையில் வந்து விழுந்திருந்தால், அத்தொகை விடையாக அமையாது. புதிய கேள்வியாகவே அமையும். நிலம் விற்றது, வைப்புத்தொகை முதிர்ந்தது, வருங்கால வைப்பு நிதி பெற்றது போன்ற முறையான காரணம் இருப்பின் அதற்குரிய பத்திரத்தையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் இல்லாதபோதுதான் ஆபத்து. 'கணக்கில் காட்டுவதற்கு' என்றே சில இலட்சங்களை ஒரு மாதத்துக்குக் கொடுத்து வாங்கும் தொழில் மறைமுகமாக நடைபெறுகிறது. 30 இலட்சம் ரூபாய்க்கு மாதம் இரண்டு விழுக்காடு வட்டி என்றால் 60,000 ரூபாய். அத்துடன் முன்தேதியிட்ட காசோலையோ வீட்டுப் பத்திரமோ கொடுத்தவர் கையில் இருக்கும். விசா மறுக்கப்பட்டாலும் வட்டி நிற்காது. விசா கிடைத்தாலோ, காட்டிய பணம் போய்விட்ட நிலையில் பிள்ளை அயல்நாட்டில் இரண்டாம் பருவக் கட்டணத்துக்குத் திண்டாட நேரிடும்.

போலிச் சான்றிதழ் இதனினும் கொடியது. அமெரிக்கச் சட்டத்தில், விசா பெறுவதற்காக முக்கியச் செய்தியைப் பொய்யாகக் காட்டியவர் வாழ்நாள் முழுவதும் தகுதி இழப்பார். பிரிட்டன் பத்தாண்டு வரையும், கனடா ஐந்தாண்டும் தடை விதிக்கின்றன. கையெழுத்தைப் போலியாகப் போட்டவர் தரகராக இருக்கலாம். தடை விழுவது இருபத்திரண்டு வயது மாணவர் மீது. வங்கிக் கிளையில் முன்தேதியிட்டுச் சான்றளிக்கவோ இருப்பைக் கூட்டிக் காட்டவோ எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. அவ்வாறு கேட்பதையே தவிர்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

முறையாகச் செய்யக்கூடியவை பல. குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு அனைத்தையும் ஒரே சான்றிதழில் தொகுத்துப் பெறலாம். இருப்பைக் கூட்டிக் காட்டுவதற்காக நிரந்தர வைப்பை முறித்து வட்டியை இழக்க வேண்டியதில்லை. வைப்புத்தொகையும் நிதி ஆதாரமே. கடன் ஈடாக வைக்கப்பட்டுள்ள வைப்புத்தொகையை மட்டும் கணக்கில் சேர்க்கலாகாது. தங்க நகையும் வீடும் செல்வ நிலையைக் காட்டுமேயன்றி, உடனே கட்டணம் செலுத்தும் பணமாகா.

கல்விக்கடன் பெறுவோர் ஒப்புதல் கடிதத்தை முன்னதாகவே பெற்றுவிடுவது நன்று. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, வெளிநாட்டுப் படிப்புக்கு 4 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனில் 15 விழுக்காட்டை விண்ணப்பதாரர் தம் பங்காகச் செலுத்த வேண்டும். அப்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கு விவரம் காட்ட வேண்டும்.

பிற நாடுகளில்

எல்லா நாடுகளும் நேருக்கு நேர் வினவுவதில்லை. ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் ஆவணங்களே பேசுகின்றன. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களே தங்கலாம்.

பிரிட்டனின் மாணவர் விசாவில் பணத்துக்குக் கறாரான கணக்கு உண்டு. உரிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வீட்டுச் செலவுகள் நடைபெறும் கணக்கிலேயே அத்தொகையை வைப்பதைவிடத் தனிக் கணக்கில் வைப்பது பாதுகாப்பானது. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல், 'உண்மையான மாணவர்' என்பதை எழுத்துவழி விடைகளால் நிறுவுமாறு கேட்கிறது. முறைகள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே: நோக்கம், வசதி, நம்பகம்.

மறுக்கப்பட்டால்

மறுப்பு நேர்ந்தால் பொதுவாக ஒரு தாள் அளிக்கப்படும். அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 221(ஜி) எனில், கூடுதல் ஆவணமோ மேலதிகச் சரிபார்ப்போ தேவை என்பது பொருள். கேட்டதை ஓராண்டுக்குள் அளித்தால் அதே விண்ணப்பம் தொடரும். 214(பி) எனில் அவ்விண்ணப்பம் முடிந்துவிட்டது. அதற்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் அது நிரந்தரத் தடையும் அன்று. மீண்டும் கட்டணம் செலுத்தி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சூழ்நிலையில் மாற்றம் ஏதுமின்றி அடுத்த மாதமே விண்ணப்பித்தால் அதே விடை வருவதற்கே வாய்ப்பு மிகுதி. அடுத்த படிவத்தில் முந்தைய மறுப்பை மறைக்கலாகாது. மறைத்தால் சிறு மறுப்பு பெரிய பொய்யாகிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. விசா கிடைக்கும்முன் திரும்பப் பெற இயலாத பயணச்சீட்டை வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் செலுத்தும் முன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வேலையை விட்டுவிலகும் கடிதமும் விசாவுக்குப் பின்னரே.

கிடைத்தபின்

விசாவின் காலமும் தங்கும் காலமும் வேறு வேறு. அமெரிக்கச் சுற்றுலா விசா பத்தாண்டுக்கு வழங்கப்பட்டாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கு இறங்கும் இடத்திலுள்ள அதிகாரியே முடிவு செய்வார்.

பணம் அனுப்புவதற்கு, இந்திய ரிசர்வ் வங்கி 2004ஆம் ஆண்டில் 25,000 டாலர் வரம்புடன் தொடங்கிய தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டம் உதவும். இன்று ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு. பான் எண் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல், ஓர் ஆண்டில் அனுப்பும் தொகை 10 இலட்சம் ரூபாயைக் கடந்தால்தான் மூலத்தில் வரி வசூல் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திடம் பெற்ற கல்விக்கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு அவ்வரியும் இல்லை. வசூலிக்கப்பட்ட வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். நாணயத்தாளாகப் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே பெற முடியும். எஞ்சியதைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் நினைவில் கொள்ள வேண்டியவை

• கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, பான், ஆதார் நான்கிலும் பெயர் ஒரே வடிவில் இருக்கட்டும்.
• வெளிநாட்டுப் படிப்பைக் கருதும் குடும்பம், குறைந்தது ஓராண்டு முன்பே சேமிப்பை முறையான கணக்கில் சேர்க்கத் தொடங்கட்டும்.
• பெரிய தொகை வரவானால் அதன் காரணத்தைக் காட்டும் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.
• சான்றிதழ்களை நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்னரே கிளையில் கேட்டுப் பெறுங்கள்.
• கட்டணங்களும் விதிகளும் மாறுபவை. அந்தந்தத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலும் உங்கள் கிளையிலும் அன்றைய நிலையை உறுதிசெய்துகொள்ளுங்கள்.
• படிவத்தை அனுப்பும் முன் ஒரு படி எடுத்து, நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒருமுறை படியுங்கள்.

வங்கியில் நல்ல கடன் வரலாறு ஒரே நாளில் உருவாவதில்லை. தவணை தவறாமல் செலுத்திய பல மாதங்களின் பயன் அது. விசாச் சாளரத்தின் முன் நிற்கும் சில நிமிடங்களும் அத்தகையவையே. ஒழுங்காக வைத்த கணக்கும், ஒரே வடிவில் உள்ள பெயரும், உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவும் அந்நிமிடங்களுக்கு வெகு முன்னரே வீட்டில் தயாராகின்றன.